தொலைவிலிருந்து தேடப்படும் மூதாதையர்: யட்டவத்தத் தோட்டக் குடும்பங்களும் ஆவணங்களின் எல்லையும்

1. கேள்வி

மூதாதையரைத் தேடுவது வசதி படைத்தவர்களின் ஓய்வுநேர ஆர்வம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளரின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழர் விஷயத்தில் அந்த எண்ணம் செல்லாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக ஏற்கப்பட வேண்டுமானால் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. பாட்டனுக்கும் பூட்டனுக்கும் பிறப்புப் பதிவு இல்லாத மக்களிடம் அவர்களது பிறப்பிடத்தைச் சட்டம் கேட்டது. பதில் தர முடியாதவர்கள் நாடற்றவர் ஆனார்கள். மலையகத்தில் வம்சாவளித் தேடல் இப்படி ஓர் அரசியல் சுமையாகத்தான் தொடங்கியது.

இன்று அதே தேடலை வேறு தலைமுறை, வேறு இடங்களிலிருந்து மேற்கொள்கிறது. மாத்தளைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோராகச் சென்றவர்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டின் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழ்கிறார்கள். தமிழருக்கு எதிரான வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கட்டமாக ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களும் உண்டு. பிறந்த தோட்டத்தைப் பார்த்திராத இவர்கள், எங்கோ இருக்கும் பதிவேடுகள் வழியாகத் தம் முன்னோரைத் தேடுகிறார்கள். அந்தப் பதிவேடுகள் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்றான யட்டவத்த, இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். பழமையான சிங்களக் கிராமங்களும் காலனிய காலத் தோட்டங்களும் அருகருகே அமைந்த பகுதி அது.

2. ஒரே மண், மூன்று வகைப் பதிவு

மாத்தளைக் குன்றுகளில் 19ஆம் நூற்றாண்டில் மூன்று வகையினர் ஒருவருக்கொருவர் அண்டை வீட்டாராக இருந்தார்கள்: ஐரோப்பியத் தோட்டத்துரை, சிங்களக் கிராமத்து விவசாயி, தென்னிந்தியத் தொழிலாளி. மூவரின் சந்ததியினரும் இன்று முன்னோரைத் தேடினால் மூவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல.

துரையின் வழிவந்தவர் வீட்டை விட்டு நகராமலே பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம். 1859இல் தொடங்கிய பெர்குசன் விவரத்திரட்டு தோட்டங்களையும் அவற்றின் உரிமையாளர், நிர்வாகி பெயர்களையும் தொடர்ந்து வெளியிட்டது. இலங்கையில் இறந்த ஐரோப்பியர்களின் கல்லறை வாசகங்களை ஜே. பென்றி லூயிஸ் திரட்டி 1913இல் நூலாக்கினார். திருச்சபைப் பதிவுகள், உயில்கள், இந்திய அலுவலக ஆவணங்கள் எல்லாம் இலண்டனில் அட்டவணையோடு இருக்கின்றன.

கிராமத்துச் சிங்களக் குடும்பத்துக்குக் கிடைப்பது வேறு வகை. ஒல்லாந்தரின் ‘தோம்பு’ என்னும் காணி, குடிப் பதிவுகள் கரையோர மாகாணங்களோடு நின்றுவிட்டதால் கண்டி இராச்சியப் பகுதிக்கு அவை உதவா. ஆனால் நிலம் இருந்தது. நிலத்தோடு பெயரும் இருந்தது. கண்டி அரசின் ‘லேக்கம் மிட்டி’ என்னும் நில, சேவை ஏடுகள், விகாரை, தேவாலயக் காணிகளின் குடியானவர்களைப் பதிந்த 1870ஆம் ஆண்டின் சேவை உரிமைச் சட்டத்தின் பதிவேடுகள், காணி உறுதிகள் ஆகியவை ‘கெதர’ என்னும் வீட்டுப் பெயர் வழியாகத் தலைமுறைகளை இணைக்கின்றன. கண்டியில் மாவட்ட நீதிபதியாக இருந்த ஏ. சி. லோறி 1896இலும் 1898இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட மத்திய மாகாண விவரத்திரட்டு, மாத்தளைக் கிராமங்களையும் அகரவரிசையில் எடுத்துக்கொண்டு அவற்றின் குடும்பங்களையும் காணித் தகராறுகளையும் குறித்துவைத்துள்ளது.

தோட்டத் தொழிலாளியிடம் காணி இல்லை. ஆகவே உறுதியும் இல்லை. அவர் வாழ்ந்த லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வழக்குப் போடவும் உயில் எழுதவும் அவரிடம் எதுவும் இருக்கவில்லை. லோறியின் நூலில் தோட்டங்கள் வருகின்றன. லயங்களில் இருந்தவர்கள் குடும்பமாக வருவதில்லை. சொத்துள்ளவனின் பெயரைப் பாதுகாப்பதுதான் ஆவணக் காப்பகங்களின் முதன்மை இயல்பு என்பதை இந்த மூன்று அண்டை வீட்டாரின் கதை காட்டிவிடுகிறது.

3. ஒப்பந்தக் கூலியும் கங்காணி ஆளும்

புலம்பெயர்ந்த உழைப்பாளிகள் எல்லோருக்கும் இதே கதிதான் என்று சொல்லிவிட முடியாது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை கப்பலில் போன 152,184 இந்தியர்களுக்கு ஆள்வாரியாகப் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை அதில் இருக்கும். மொரீசியசின் குடிவரவு ஆவணங்கள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நிழற்படங்களும் அவற்றில் உள்ளன. வட ஆர்க்காட்டின் ஒரே கிராமத்திலிருந்து அண்ணன் டர்பனுக்கும் தம்பி மாத்தளைக்கும் போனதாகக் கொள்வோம். அண்ணனின் கொள்ளுப்பேத்திக்கு ஊர்ப்பெயர் ஒரு பட்டியலில் காத்திருக்கும். தம்பியின் கொள்ளுப்பேத்திக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. தூரக் குடியேற்றங்களுக்கு ஆள் அனுப்புவதைக் கட்டுப்படுத்திய இந்திய அரசு, 1847ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கைக்குப் போவதைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. எனவே இலங்கைக்கு வந்தவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவில்லை. ஊருக்குப் போய் ஆள் கட்டிய கங்காணியின் கடன் வலையில்தான் வந்தார். ஒப்பந்தத்தின் கொடுமையிலிருந்து சட்டப்படி அவர் தப்பினார். ஒப்பந்தம் உண்டாக்கும் தாளையும் அதோடு இழந்தார்.

காலனிய அரசு இவர்களை எண்ணியது, பெயர் எழுதவில்லை. துறைமுகத்தில் ஆண், பெண், பிள்ளை என்று வந்தோர் தொகையும் திரும்பியோர் தொகையும் குறிக்கப்பட்டன. மன்னார்க் கரையிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்த வடபாதை ஏறத்தாழ 150 மைல். நடந்தே வந்தவர்களுக்கு மாத்தளைதான் மலையின் வாசல். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. வந்தோர் தொகைக்கும் திரும்பியோர் தொகைக்கும் இருந்த இடைவெளியை வைத்து, 1840களில் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டிருப்பார்கள் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை மதிப்பிட்டது. அத்தொகை பற்றிப் பின்வந்த வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எந்தத் தரப்பாலும் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் காட்ட முடியாது என்பதே வம்சாவளி ஆய்வாளருக்கு முக்கியம்.

பின்னாளில் வந்த பதிவுகளும் முதலாளியின் கணக்குத் தேவைக்காக எழுந்தவை. கங்காணியின் கூட்டம் தோட்டத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிய ‘துண்டு’ 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரத்துண்டு, கழுத்தில் தொங்கிய எண். எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதை அது சொன்னது. கம்பளைக்கு அருகேயுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் இத்தகைய பொருட்களைக் காணலாம். 1904இல் திருச்சியில் அமைந்த இலங்கைத் தொழில் ஆணையகம், 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்கிய காலத்துத் தொழிலாளர் பயண முகாமான மண்டபம் முகாம் ஆகியவற்றுக்குப் பிறகே ஆள்வாரியான குறிப்பு பெருகியது. ஆக, கோப்பிக் காலத்தில் வந்த குடும்பத்துக்கும் 1920களில் மண்டபம் வழியாக வந்த குடும்பத்துக்கும் ஆவண வாய்ப்பு ஒன்றல்ல.

4. ‘முதலில் வந்தவர்’ என்ற கருத்து

குடும்பக் கதைகள் பெரும்பாலும் முதலில் வந்த ஒருவரிடமிருந்து தொடங்குகின்றன. வரலாற்று ஆய்வு இதை அப்படியே ஏற்க இடம் தரவில்லை. கோப்பிக் காலத் தொழிலாளர் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிய பருவகாலப் பயணிகள் என்பது காலனிய அதிகாரிகளின் கூற்று. நீண்டகாலம் அதுவே பொதுவான கருத்தாகவும் இருந்தது. வரலாற்றாசிரியர் பற்றிக் பீபிள்ஸ் 2001இல் வெளியிட்ட ‘இலங்கையின் தோட்டத் தமிழர்’ பற்றிய ஆங்கில நூலில் இதை மறுத்தார். கோப்பிக் காலத்திலேயே நிலையாகத் தங்கிவிட்டோர் கணிசமாக இருந்தார்கள் என்றும், அவர்களை அந்நியராகக் காட்டும் அரசியலுக்குப் பருவகாலப் பயணி என்ற சித்திரம் வசதியாக இருந்தது என்றும் அவர் வாதிட்டார். வண்டன் ட்றீசனின் ‘நெடும் பயணம்’ என்ற ஆய்வு, வந்துபோகும் போக்கு தேயிலையின் வருகையோடு எவ்வாறு மாறியது என்பதைப் பின்தொடர்கிறது.

குடும்ப வரலாறு எழுதுபவர் இவ்விரு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது சில மாதங்களே. தேயிலைக்கு ஆண்டு முழுதும் தேவைப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், மாத்தளைப் பகுதியில் கொக்கோ, தேயிலை, றப்பர் என்று பயிர்கள் கலந்தன. பயிருக்குப் பயிர் குடும்பமாகத் தங்கும் தேவையும் மாறியது. ஆகவே ஒரே குடும்பத்தில் பூட்டன் நாலு முறை வந்துபோனவராகவும், பாட்டன் மனைவியோடு வந்து தங்கியவராகவும், பாட்டி வேறொரு தோட்டத்தில் பிறந்தவராகவும் இருக்கலாம். வருகையை ஒற்றை நாளாகக் கருதித் தேடுபவர் தவறான பதிவேட்டைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார்.

5. குடியுரிமைக் கோப்புகள்: பெயர் வந்த கதை

மலையகத் தமிழர் பெயர், உறவு, ஊர் ஆகியவற்றோடு பெருந்தொகையாகத் தாளில் ஏறியது அவர்களை வெளியேற்ற முனைந்த காலத்தில்தான். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றது. 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதி கெடு முடிந்தபோது ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவற்றில் அடங்கியோர் 8 லட்சத்துக்கும் மேல். மனைவி, பிள்ளைகள் பெயர் இணைக்கப்பட்ட இவ்விண்ணப்பங்கள், தோட்டத்துச் செக்ரோலிலிருந்து (தொழிலாளர் பெயர்ப்பதிவேடு) எடுத்த குறிப்புகள், சத்தியக் கடதாசிகள் ஆகியவை மலையகத்தின் மிகப் பெரிய குடும்பப் பதிவு எனலாம். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமும் ஆய்வாளருக்கு ஏற்கப்பட்டதற்குச் சமமான மதிப்புடையது.

1964 அக்டோபர் 30ஆம் தேதியின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டும் மண்டபத்தில் தரப்பட்ட குடும்ப அட்டையும் இந்தக் கட்டத்தின் சான்றுகள். இன்று நீலகிரித் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருப்பவை இவையே.

இவற்றைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இலங்கைச் சட்டம் தந்தைவழியை மட்டும் பார்த்தது. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு, தாய், தந்தை, இருவழிப் பாட்டன் பாட்டி ஆகியோரில் எவர் இந்தியாவில் பிறந்திருந்தாலும் பதிவுக்கு இடம் தந்தது. 1949இல் இலங்கைக்கு விண்ணப்பித்தவருக்கு ஊர்ப் போக்குவரத்து ஆபத்து. ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியது தெரிந்தால் தொடர்ந்த வசிப்பு அறுந்துவிடும். 1964க்குப் பிறகு இந்தியாவுக்கு விண்ணப்பித்தவருக்கோ அதே ஊர்ப்பெயரை எழுதியாக வேண்டும். ஒரே குடும்பம் பதினைந்து ஆண்டு இடைவெளியில், ஒரு படிவத்தில் ஊரை அடக்கி வாசித்து, இன்னொன்றில் விரித்து எழுதியிருக்கக்கூடும். இதைப் பொய் என்று தள்ளுவது பிழை. ஆவணத்தைக் கேட்டது யார், எதற்காகக் கேட்டார் என்பதை அறிந்தபிறகே அதன் விடையை எடைபோட வேண்டும்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழிலும் இதே அரசியலின் சுவடு உண்டு. பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றைக் குறிக்க அதில் தனிக் கட்டம் இருக்கிறது. பல தோட்டக் குழந்தைகளுக்கு அது வெறுமையாகவே விடப்பட்டது. அந்த வெறுமையும் ஒரு தகவல்தான்: பாட்டன் இந்தியாவில் பிறந்தவராக இருக்கலாம், அல்லது இங்கே பிறந்ததை நிறுவக் கடதாசி இல்லாதவராக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

6. நடைமுறைச் சிக்கல்கள்

தொலைவிலிருந்து தேடுபவருக்கு மூன்று தடைகள் முன்னிற்கின்றன.

முதலாவது, அலுவலகம். யட்டவத்த இன்று பிரதேச செயலகப் பிரிவு. அந்த நிர்வாக முறைக்கான அதிகாரம் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதற்கு முந்திய பிறப்பு, இறப்பைத் தேட மாத்தளைக் கச்சேரிக் (மாவட்ட நிர்வாக அலுவலகம்) காலத்துப் பதிவுப் பிரிவின் பெயர் தெரிய வேண்டும். தோட்டப் பிறப்புகளை அறிவிக்கும் கடமை தோட்டத்துரை மேல் இருந்தது. எனவே கிராமத்தின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயரும் அதன் பிரிவின் பெயரும் பயன் தரும். மக்கள் வழங்கும் தமிழ்த் தோட்டப் பெயரும் பதிவில் உள்ள ஆங்கிலப் பெயரும் பல இடங்களில் வேறு. இரண்டையும் பொருத்திக்கொண்டே கடிதம் எழுத வேண்டும்.

இரண்டாவது, ஆளின் பெயர். குடும்பப்பெயர் இல்லாத மரபில் தகப்பன் பெயரே ஆளை அடையாளம் காட்டும். ஒரே செக்ரோலில் பல இராமசாமிகள், பல மாரியாய்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக்காட்டியது எண்ணும் கங்காணியின் பெயரும். கணக்கப்பிள்ளை சொல்ல, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பின்பு சிங்களத்தில் பதியப்பட்டுத் திரும்பவும் தமிழுக்கு வந்த பெயர் எப்படியும் உருமாறியிருக்கும். ஆகவே பெயர் ஒன்றை மட்டும் கொண்டு பொருத்தம் காண்பது அபாயம். பெயர், தகப்பன் பெயர், கங்காணி, தோட்டம் ஆகிய நான்கில் மூன்றேனும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று கொள்ளலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது, தமிழ்நாட்டின் எல்லைகள். பழைய படிவத்தில் ‘திருச்சி ஜில்லா’ என்றிருந்தால் அது இன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டமாகவே இருக்க வேண்டியதில்லை. 1995இல் பிரிந்த கரூரோ பெரம்பலூரோ ஆகலாம். சேலம் என்றிருப்பது 1997இல் பிரிந்த நாமக்கல்லாக இருக்கலாம். இராமநாதபுரம் 1985இல் பிரிந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். தாலுகா பெயர் கிடைத்தால் மட்டுமே ‘அ’ பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டையும் நிலவரித்திட்ட ஏடுகளையும் தேட முடியும். அப்போதும் அவை நிலமுள்ளவரின் ஏடுகள். ஊரைவிட்டுப் போனவர்களில் பலர் நிலமற்றவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

இவற்றோடு இழப்பும் சேர்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குக் கைமாறின; 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. 1977, 1983 வன்செயல்களில் ஓடியவர்களால் பிள்ளைகளைத்தான் தூக்கிச் செல்ல முடிந்தது, பெட்டியை அல்ல.

7. வாய்மொழியும் குலதெய்வமும்

தாள் தவறும் இடத்தில் நினைவு கைகொடுக்குமா? ஓரளவு கைகொடுக்கும். ஊர்ப்பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. தெய்வத்தின் பெயர், அதன் துணைச்சாமிகள், பலி முறை, முதல்முடி எடுக்கும் வழக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தேடும் வட்டாரம் சுருங்கும். தமிழ்நாட்டுக் கிராமக் கோயில்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டுகள் பங்காளி வகையறாக்களின் பட்டியலாகவும் அமைகின்றன. அரசு ஏட்டில் இடம் பெறாத நிலமற்றவர் பெயர் இங்கே இருக்கக்கூடும்.

ஆனால் இச்சான்றுக்கும் வரம்பு உண்டு. கருப்பசாமியும் மதுரைவீரனும் எண்ணற்ற ஊர்களுக்குப் பொது. தோட்டத்தில் பிடிமண் வைத்து எழுப்பிய கோயில் நாளடைவில் கூட்டத்தார் அனைவருக்கும் உரியதாகி, கங்காணியின் தெய்வமே எல்லோருடைய தெய்வமாகவும் மாறியிருக்கலாம். மேலும் குலதெய்வம் தந்தைவழிச் செல்வது. கொழுந்தெடுத்துக் குடும்பத்தைத் தாங்கிய பாட்டியின் பிறந்த ஊர் அதில் வராது. குடியுரிமைப் படிவத்திலும் அவள் பெரும்பாலும் இன்னாரின் மனைவி மட்டுமே. பெண்வழியைத் தேட, தாயின் பெயரும் பிறந்த இடமும் குறிக்கப்பட்ட பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள்தான் முதன்மையான வழி. மூத்த பிள்ளையின் பதிவில் இல்லாத விவரம் இளைய பிள்ளையின் பதிவில் இருக்கலாம் என்பதால், எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பெற்று ஒப்பிடுவது நல்லது.

8. முடிவு

மேற்கண்ட சான்றுகள் ஒரு முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. யட்டவத்தத் தோட்டக் குடும்பம் ஒன்று ஆவணத்தின் துணையோடு 1930கள் வரை ஆள்வாரியாகப் போக வாய்ப்புண்டு. மண்டபம் காலத்து வருகையாயின் சற்று முன்னும் போகலாம். அதற்கப்பால் தனியாளின் பெயர் மங்கி, கங்காணியின் கூட்டமும் தோட்டமும் தாலுகாவும் மட்டும் தெரியும். அந்த எல்லைக்கு அப்பாலும் வம்சப் பட்டியலை நீட்ட முயல்வது கற்பனையில் முடியும். அங்கிருந்து எழுத வேண்டியது கூட்டத்தின் வரலாறு: எந்த வட்டாரத்தார், எந்தப் பஞ்சத்தில், எந்தக் கங்காணியோடு, எந்தப் பயிருக்காக வந்தார்கள் என்ற வரலாறு. அது வம்சாவளியைவிடக் குறைந்ததல்ல. லயத்தில் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு அதுவே பொருந்துகிறது.

பதிவேடுகளை இணையத்தில் ஏற்றிவிட்டால் எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் கேள்விக்குரியது. எழுதப்படாத பெயரை எந்த வருடியும் எழுதித் தராது. ஏற்கெனவே நன்றாகப் பதியப்பட்டவர்களின் முன்னோரை மேலும் எளிதில் கிடைக்கச் செய்து, இடைவெளியை இணையப் பதிவேற்றம் பெருக்கவும் கூடும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. தோட்டக் கம்பனிகளிடம் எஞ்சியுள்ள செக்ரோல்களும் பிறப்பு, இறப்புக் குறிப்பேடுகளும் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பொறுப்புக்கு வரவேண்டும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விண்ணப்பக் கோப்புகள் பெயரட்டவணையோடு குடும்பத்தாருக்குத் திறக்கப்பட வேண்டும். நீலகிரியிலும் மாத்தளையிலும் வன்னியிலும் இருப்பவர்கள் தம் வீட்டுக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, பிரஜாவுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றைப் படியெடுத்து, ஊர், தோட்டம், கங்காணி பெயர்களோடு உறவினருக்குப் பகிர வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த ஆண்டே கேட்டுவிடுங்கள்; சுவடிக்கூடத்துக்கு அடுத்த ஆண்டும் போகலாம்.